பதினொரு பிள்ளைகளும் ஒரு மடியும்

காதுகுத்து நடக்க வேண்டுமென்றால் அதற்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தேவைப்படுவது தாய்மாமனின் மடிதான் என்று போன வருடம் மே மாதம் வரை நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆசாரியை யாரும் கூட்டி வரலாம். பந்தலை யாரும் போடலாம். பாயசத்தை யாரும் கிண்டலாம். மடியை யார் ஏற்பாடு செய்வது? என் தங்கைக்கு இந்த உலகத்தில் அண்ணன் ஒருவன். அவனுக்கு இருப்பது ஒரே மடி. நாற்பத்தெட்டு வயதில் அந்த மடியின் முக்கால்வாசியைத் தொப்பை ஆக்கிரமித்துவிட்டது என்பது உண்மைதான். மிச்சமிருந்த கால்வாசியில் மூன்று வயதுப் பெண் குழந்தை தாராளமாக உட்காரலாம்.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது நாடுகாணியில். நாங்கள் இருப்பது ஜெகதளாவில். இரண்டும் ஒரே மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வளைவுகளை எண்ணிப் பார்த்தவன் அதை நம்பமாட்டான். ஊட்டி ஏறி, பைக்காரா தாண்டி, நடுவட்டத்தில் சரிந்து, கூடலூரில் இறங்கி, அதற்கப்புறமும் போக வேண்டும்.

அவள் மகளின் காதுகுத்து ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இரண்டுக்கும் காரணம் என் மடிதான். முதல் முறை நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை லீவு கிடைத்தது, கூடவே அம்மையும் போட்டது. மூன்றாவது தேதி குறித்தபோது தங்கையின் மாமனார் போனை வாங்கி என்னிடமே பேசினார்.

"மருமவனே, இந்தத் தடவையும் உங்க மடி வரலைன்னா பரவாயில்ல. எங்க ஊர்லயும் மனுசனுக்கு மடி இருக்கு."

பின்னாலிருந்து போனைப் பிடுங்கிய தங்கையின் குரல் உடைந்திருந்தது. "அண்ணா, வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்தினாங்கன்னா, அண்ணன் இல்லாதவன்னு இந்த ஊட்டுல என்னைய ஆயுசுக்கும் சொல்லுவாங்க. வந்துருண்ணா."

அப்படித்தான் என் மடியின் மேல் ஒரு குடும்பத்தின் மானம் ஏறி உட்கார்ந்தது.

நாள் வெள்ளிக்கிழமை, இடம் நாடுகாணிக் கோயில். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். தங்கை முந்தின வாரம் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏற்பாடுகளைப் பார்க்க வியாழக்கிழமையே கிளம்ப வேண்டியிருந்தது. மகளோ விடுமுறைக்கு வந்து குவிந்திருந்த மற்றப் பிள்ளைகளை விட்டு நகரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, பாப்பா நாளைக்கு உன்னோட வேன்லயே வரட்டும்ணா" என்றாள் தங்கை.

"மடியும் நானே கொண்டுவர்றேன், காதும் நானே கொண்டுவர்றேன். நீ போய்ப் பந்தலைப் பாரு" என்றேன்.

அன்றைக்கே இன்னொரு யோசனையும் சொன்னேன். பிள்ளைகளை எல்லாம் ஒரே வண்டியில் போட்டுவிட்டால் வாந்தி ஒரே வண்டியோடு முடிந்துவிடும், பெரியவர்கள் நிம்மதியாகப் போகலாம் என்றேன். வீட்டில் நான் சொன்ன ஒரு யோசனையை எதிர்ப்பே இல்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஏற்றுக்கொண்ட வேகத்தில் என் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், சித்தப்பா வீட்டார் எல்லோரும் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வியாழக்கிழமையே தங்கையோடு கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது வேனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நான், என் மனைவி, டிரைவர், மூன்றிலிருந்து ஒன்பது வயதுக்குள் பதினொரு பிள்ளைகள். எங்களுடையவை இரண்டு, அக்காவுடையவை மூன்று, சித்தப்பா மகன்களுடையவை ஐந்து, தங்கை மகள் ஒன்று.

டிரைவர் எமரால்டு ஊர்க்காரர். என் வயதுதான், என்னைவிட அகலம். சீசன் இல்லாத மாதங்களில் கேரட் மூட்டை ஏற்றுகிறவர். பிள்ளைகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்ணா, மூட்டைன்னா ஒண்ணுமில்லீங்க. ஏத்தின எடத்துல இருக்கும்."

ஐந்தரைக்குக் கிளம்புவதாக இருந்தோம். ஆறு பத்துக்குக் கிளம்பினோம். வாந்தி வராமலிருக்க ஒவ்வொரு சீட்டிலும் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் உட்காரவைத்திருந்தேன், கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். படிக்கத் தெரிந்த ஒருவன் தனக்கு விளையாட்டுப் பக்கம்தான் வேண்டும் என்று எழுந்து நின்றான். அது யாருக்கு அடியில் இருந்ததோ அவள் தரமாட்டேன் என்றாள். எலுமிச்சம்பழங்கள் பறக்க ஆரம்பித்தன. முதல் பழம் டிரைவரின் பிடரியில் பட்டபோது நாங்கள் இன்னும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை.

முதல் வாந்தி அருவங்காட்டில். மற்றவை அதைப் பார்த்து எடுத்தவை. ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் "தோசை" என்றான். உடனே இருவர் தங்களுடையதும் தோசைதானா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் கீழே இறங்கி, ஏற்றும்போது தலைகளை எண்ணினேன். பதினொன்று. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வாத்தியாராகப் போயிருக்க வேண்டிய ஆள், தேயிலை ஃபேக்டரியில் எடை குறித்துக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

ஊட்டியில் சீசன் நெரிசல். எந்தச் சாலையை ஒருவழி ஆக்கியிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை, திரும்பும் இடத்திலெல்லாம் கை காட்டி வேறு பக்கம் அனுப்பினார்கள். வேகவைத்த சோளம் விற்கும் ஒருவரை முதல் தடவை கடந்தபோது பிள்ளைகள் சோளம் வேண்டுமென்று அழுதார்கள். இரண்டாம் தடவை கடந்தபோது அவருக்குக் கையசைத்தார்கள். மூன்றாம் தடவை அவரே எங்களுக்குக் கையசைத்தார். "மாமா, இவரும் காதுகுத்துக்கு வர்றாரா?" என்று தங்கை மகள் கேட்டாள்.

என் கைக்கடிகாரத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்கியது அங்கேதான். மனைவி சொன்னாள்: "பாத்தா மட்டும் அது நின்னுருமா? விடுங்க, போய்ச் சேந்துரலாம்."

பைக்காரா தாண்டும்போது மணி எட்டரையை நெருங்கியிருந்தது. நடுவட்டம் தாண்டிச் சரிவில் ஐந்தாறு வளைவு இறங்கியதும் முன்னால் போன கார் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. அதற்கு முன்னால் என்ன என்று வளைவு காட்டவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. கீழேயிருந்து நடந்து வந்த ஒருவர், "முன்னாடி என்னமோ நிக்குதாம், எல்லாம் எறங்கி வேடிக்கை பாக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

என்னமோ நிற்கிறது. கூடலூர் சாலையில் என்னமோ என்றால் அது யானையைத் தவிர வேறென்ன? ஒற்றை யானையாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றை யானை என்றால் ஆண்தான். ஆண் என்றால் மதம் பிடித்ததுதான். இவ்வளவையும் அந்த மனிதர் எங்கள் வேனைக் கடந்து முடிப்பதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"யாரும் சத்தம் போடக்கூடாது. முன்னாடி யானை" என்றேன். பதினொரு பிள்ளைகளும் சேர்ந்து "யானையா!" என்று போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

"மாமா, யானைக்குக் காது குத்துவாங்களா?" என்றாள் தங்கை மகள்.

"அதுக்கு மாமன் மடி பத்தாது கண்ணு" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பது. யானை தன் இஷ்டத்துக்குத்தான் நகரும். அதற்கு ராகு காலம் தெரியாது. பத்தேகாலுக்குள் என் மடி நாடுகாணியில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு எவனோ ஒருவனுடைய மடி மணையில் உட்கார்ந்துவிடும். சாலையின் ஓரத்தில் தேயிலைத் தோட்டம் சரிந்து இறங்கியது. கீழே, இரண்டு வளைவுக்கு அப்பால், அதே சாலை மறுபடி தெரிந்தது. அங்கே ஒரு பிக்கப் வண்டியில் இலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே இறங்கினால் யானையையும் தவிர்க்கலாம், நேரத்தையும் பிடிக்கலாம். இப்படி ஒரு திட்டம் தோன்றிய மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

மனைவி வேனுக்குப் பின்னால் ஒரு பையனின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் மிச்ச தோசையை முடித்துக்கொண்டிருந்தான். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கம்மல் டப்பா இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"பிள்ளைங்க பத்திரம். நான் குறுக்கால போறேன்" என்றேன் டிரைவரிடம்.

"அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்..."

"ஒரு நிமிசம்கூட இல்லீங்க."

போகும் அவசரத்திலும் பொறுப்பை மறக்கவில்லை. கடைசியாக ஒருமுறை எண்ணினேன். வேனுக்குள் பத்து, வெளியே வாந்தியெடுப்பவன் ஒன்று. பதினொன்று. கணக்குச் சரி. தங்கை மகள் ஜன்னலிலிருந்து "மாமா டாட்டா" என்று கையசைத்தாள். நானும் கையசைத்தேன். அவள் அசைத்த கைக்கு இரண்டு விரற்கடை தள்ளி அவளுடைய காது இருந்தது. அதையும் பார்த்தேன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும்போது மேலேயிருந்து மனைவி ஏதோ கத்தினாள். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரமாகப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படி அக்கறையாகக் கூப்பிட்டதில்லை. மனது கொஞ்சம் நெகிழக்கூடச் செய்தது.

இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாருங்க அது, பட்டு வேட்டியோட? மாப்பிள்ளை எதுவும் தப்பிச்சு ஓடுறாரா?" என்றாள் ஒருத்தி.

"இந்த வயசுல எந்த மாப்பிள்ளைடி? மாமனாரா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். ஒரு செருப்பு தோட்டத்தோடு தங்கிவிட்டது. பிக்கப் கிளம்புவதற்குள் பிடித்துவிட்டேன். நாடுகாணிப் பக்கத்து ஃபேக்டரிக்குத்தான் போகிறது. முன்னால் இடமில்லை, பின்னால் இலை மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டேன். வானம் வளைந்து வளைந்து போயிற்று. என்னைப்போல் ஒரு தாய்மாமன் இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மூன்றுக்குக் கோயில் வாசலில் குதித்தேன். உடம்பெல்லாம் தேயிலை, ஒற்றைச் செருப்பு. தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மாமனார், மடியைப் பற்றி அவ்வளவு பேசியவர், என்னைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டீங்களே மருமவனே, மதி, மதி, அது போதும்" என்று எல்லையூர் மலையாளம் கலந்து சொன்னார். மேளம் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. என்னை மணையில் உட்காரவைத்துத் தலைப்பாகை கட்டினார்கள். கம்மல் டப்பாவை எடுத்துத் தட்டில் வைத்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்தார். சம்மணம் போட்டு, தொப்பையை எக்கி, மடியை விரித்துக் காட்டினேன்.

"கொழந்தையக் கொண்டாங்க" என்றார் ஆசாரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன்.

"அண்ணா, பாப்பா எங்க?"

"நல்லா இருக்கா" என்றேன்.

"நல்லா இருக்கான்னா? எங்க இருக்கா?"

"வேன்ல. பதினொண்ணும் சரியா இருக்கு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பந்தலில் பாயசம் கிளறும் கரண்டிகூட நின்றுவிட்டது. நிலைமையைச் சமாளிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "வழியில யானை நிக்குது, அதான் நான் மட்டும் வந்தேன்."

தங்கை என் கையை விட்டாள். "யானை முன்னாடி எம் புள்ளைய விட்டுட்டு, நீ மட்டும் தப்பிச்சு வந்தியா?"

அதுவரை நான் அதை அந்த வரிசையில் யோசித்திருக்கவில்லை. மடியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என் தலையில் இருக்கவில்லை. அந்த ஜன்னலும் அந்தச் சின்னக் கையும் இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவளோடு என் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் இருந்தன. என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். எழுந்து ஓடப் பார்த்தேன்.

"எந்திரிக்கக் கூடாது!" என்று தங்கையின் மாமனார் என் தோளை அமுக்கினார். "நல்ல நேரத்துல மாமன் மணையில உக்காந்தாச்சு. இப்பிடியே இருந்தா நேரம் நம்ம கையில. எந்திரிச்சா எல்லாம் போச்சு. யானையப் பாக்க வேற ஆள் போகட்டும்."

மனைவியின் போனுக்கு அடித்தால் அணைந்திருக்கிறது என்றது. காலையிலிருந்து பிள்ளைகள் அதில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்தார்கள். டிரைவரின் போனுக்கு அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது. தங்கையின் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். தங்கை கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து சாலையையே பார்த்தாள், என் பக்கம் திரும்பவில்லை. நான் காலி மடியோடு உட்கார்ந்திருந்தேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வந்து என் மடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு பாட்டி அதில் ஒரு தேங்காயை வைத்து, "சும்மா இருக்க வேண்டாம்" என்றாள். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. இடது கால் முதலில் மரத்தது, பிறகு வலது கால். தேங்காயை இறுகப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் யானைக்காக வேண்டிக்கொண்டேன்.

பதினொன்றரைக்குப் பைக் முன்னே வர, வேன் பின்னே வந்தது. கதவு திறந்தது. தங்கை எண்ணினாள். நானும் மணையிலிருந்தே எண்ணினேன். பதினொன்று. கடைசியாக டிரைவர் இறங்கினார். பதினொன்றாவதாக எண்ணிய தங்கை மகள் அவர் தோளில் இருந்தாள்.

"யானை?" என்று நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

மனைவி வந்து எதிரில் நின்றாள். தேங்காயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எந்த யானை? டூரிஸ்ட்காரர் ஒருத்தர் காரை நடு ரோட்டுல நிறுத்திட்டுக் கொரங்குக்குப் பழம் குடுத்திருக்காரு. கொரங்கு கார் சாவியத் தூக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. நீங்க எறங்கிப் போன பத்தாவது நிமிசம் அது சாவியக் கீழ போட்டுருச்சு. ரோடு காலி."

"அப்பறம் ஏன் இவ்வளவு நேரம்?"

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நின்னேன். பாப்பாவ விட்டுட்டுப் போறீங்கன்னு அந்தக் கத்துக் கத்தினேன், கைய ஆட்டிட்டுப் போறீங்க. சரி, அஞ்சு நிமிசத்துல ஒறைக்கும், மேல ஏறி வருவாரு, வேன் இல்லைன்னா தவிச்சுப் போயிருவாருன்னு நெனைச்சேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல நின்னேங்க. கடைசில இந்த அண்ணன்தான் சொன்னாரு, 'அக்கா, இதுக்கு மேலயும் அவரை நம்பறது சரியில்லீங்க'ன்னு."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "தப்பா சொல்லலீங்ணா."

ராகு காலம் முடியட்டும் என்று எல்லோரும் பன்னிரண்டு மணிவரை காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் தேங்காயை எடுத்துவிட்டுக் குழந்தையை என் மடியில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவள் டிரைவரின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அலறினாள். காத்திருந்த நேரமெல்லாம் அவர் அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டுவதுபோல் விளையாடவிட்டிருக்கிறார்.

"மாமா டாட்டா சொல்லிட்டுப் போயிருச்சு" என்றாள் குழந்தை, என்னைக் காட்டி. "இந்த மாமாதான் போகல."

"ஆடுற காதுல நான் ஊசி வைக்கமாட்டேன்" என்றார் ஆசாரி.

"மடின்னா அண்ணன் மடிதான். வேற மடியில நடக்கக் கூடாது" என்றாள் தங்கை. அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்க்காதவள் அதைச் சொன்னபோது நான் மரத்த காலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாமனார் இரண்டு மடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "நீங்க மாமன் மடியில உக்காருங்க" என்றார்.

"ஐயோ, வேண்டாமுங்க. அண்ணன் தாங்கமாட்டாருங்க."

"உக்காருங்கண்ணா" என்றாள் என் மனைவி. "அவருக்கு வேணும்."

மணி பன்னிரண்டு பத்து. நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் எண்பது கிலோவுக்குக் குறையாத டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஆசாரி முதலில் இடது காதைக் குத்தினார், பிறகு வலது காதை. இரண்டு தடவையும் அழுதாள். வாழைப்பழம் கொடுத்ததும் நிறுத்தினாள்.